டெலானிபூரில் ராகு காலம்

கிளம்புகிற அன்று காலை, சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து ஆறு தாள்களைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். புதன் முதல் திங்கள் வரை. போகிற இடம் அந்தமான். அங்கே நல்ல நேரம் பார்க்க யாரைப் போய்க் கேட்பது? விருதுநகரில் இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எதையும் தயாரிப்பு இல்லாமல் செய்கிற பழக்கம் கிடையாது.

காரியம் இதுதான். என் மகள் நிவேதா, கல்லூரியில் கூடப் படித்த பிரபு என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். பையன் போர்ட் பிளேர்க்காரன். தீவுக்குத் தீவு போகிற படகில் என்ஜின் வேலை. அவன் வீட்டாரைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் வாக்குக் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. என் கணவர் விமானத்தில் ஏறவே மாட்டார். "நீ பாத்துட்டு வா. உனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றார். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று அர்த்தம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கப் போனது மாப்பிள்ளை வீட்டை அல்ல, அதில் ஒரு குறையை. ஒரே மகளைக் கடல் தாண்டிக் கொடுக்க எனக்கு மனதில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவளோ, "நீ வேண்டாம்னா விட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்தச் சொல்தான் கல்லாக நெஞ்சில் கிடந்தது.

போர்ட் பிளேரில் இறங்கும்போது மணி பதினொன்றரை. பையனின் அப்பா கதிர்வேல் காத்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். வாலிபத்தில் கப்பலேறி வந்து, மலைச்சரிவுகளுக்குத் தடுப்புச் சுவர் கட்டுகிற காண்டிராக்டர் ஆனவர். பையன் இல்லை. லாங் ஐலண்டுக்குப் போன படகு, காற்று பலம் என்று அங்கேயே நிற்கிறதாம்.

"கடல் விட்டா நாளைக்கு வந்துருவான் டீச்சரம்மா. சலோ, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நான் தாளை எடுத்தேன். புதன்கிழமை, ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. முதல் முதலாக ஒரு வீட்டுக்குள் ராகு காலத்தில் காலடி வைப்பதா? மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்ட். காலண்டர்ல போட்டா போட்டதுதான். என் வீட்லதான் எவளும் கேக்க மாட்டேங்கிறா" என்றார். இரண்டு மணி நேரம் விமான நிலைய வாசலில் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் இப்படி ஒரு ஒற்றுமை அமைந்ததே என்று எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

டெலானிபூர் என்பது ஒரு மலைச்சரிவு. அரசாங்கக் குடியிருப்புகளும் ஆபீசுகளும் சொந்த வீடுகளும் ஒன்றன் தலையில் ஒன்று காலை வைத்தபடி நிற்கும். ஆட்டோ பாதி ஏற்றத்தில் முனகி நின்றது. ஓட்டுநர் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார். கதிர்வேல் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன். "வெயிட்டான ஆள் ஒருத்தர் இறங்கினா வண்டி ஏறுமாம்." நான் கதிர்வேலைப் பார்த்தேன். அவர் வெண்டைக்காய் மாதிரி இருந்தார். இறங்கி நடந்தேன்.

வீட்டைப் பற்றி அன்றைக்கே கணவருக்குப் போனில் சொன்னேன்.

"மாடி வீடா? முட்டி வலியோட எப்பிடி ஏறுவ?"

"ஏற வேண்டாம். ரோட்டுல இருக்கிறதுதான் மொட்டை மாடி. அங்கருந்து இறங்குனா கூடம், இன்னும் இறங்குனா படுக்கையறை, அதுக்கும் கீழதான் அடுப்படி."

"அப்ப வாசல்?"

"மொட்டை மாடிதான் வாசல்."

 அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, சுவர்க் காலண்டர் காலையிலிருந்து செவ்வாய்க்கிழமை காட்டுகிறது, அதனால் முடி வெட்டப் போகவில்லை என்றார்.

அந்த மொட்டை மாடி வாசலில் பையனின் அம்மா செல்வமணி, கையில் செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. பன்னிரண்டரை மணியிலிருந்து அப்படியே நிற்கிறாராம்.

"ராகு காலம் முடியட்டும்னு இருந்தோம்" என்றேன்.

"அது பன்னண்டரைக்கே போயிருச்சே அண்ணி."

"காலண்டர்ல ஒன்றரைன்னு போட்டிருக்கே?"

"அது மெயின்லேண்டு ராகு. ராகு காலத்தைச் சூரியன் உதிக்கிறதிலருந்துதானே எண்ணனும்? உங்க ஊர்ல ஆறு மணிக்கு உதிக்குது. இங்க இப்ப அஞ்சுக்கே வந்திருச்சி. சூரியன் ஒரு மணி நேரம் முந்தி வந்தா ராகு மட்டும் பிந்தியா வருவாரு?"

 கணக்கு டீச்சருக்குக் கணக்கில் விழுந்த அடி. கதிர்வேல் என் பக்கம் குனிந்து, "முப்பது வருசமா இதே பாட்டுதான். இந்த வீட்ல ஒரு நாளைக்கு ரெண்டு ராகு காலம்" என்றார்.

ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஆனால் ஒரு மணி நேரம் முந்திக்கொண்ட சூரியன். ஊரில் மற்ற தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கின்றன என்று கேட்டேன். காலண்டர் கட்சி ஒன்று, சூரியக் கட்சி ஒன்று, இரண்டையும் விலக்கிவிட்டு மீதி நேரத்தில் வாழ்கிற நடுநிலைக் கட்சி ஒன்று என்று இருக்கிறதாம். மூன்றாவது கட்சிக்காரர்கள் எந்தக் காரியத்தையும் முடிப்பதில்லை என்றார் கதிர்வேல்.

மாடியில் நான்கு தண்ணீர் டிரம்கள் வரிசையாக நின்றன. கோடைக்காலம். குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஆளுக்கு ஒரு டிரம், அடுத்த முறை வரை அதுதான் கணக்கு. அப்பா, அம்மா, பிரபு என்று பெயின்டால் எழுதியிருந்தது. நான்காவது புத்தம் புதிய நீல டிரம். பெயர் இல்லை, மூடியில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. விருந்தாளிக்காக வாங்கியிருக்கிறார்கள், மரியாதை தெரிந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர்க் கஷ்டம் எனக்குப் புதிதல்ல. குழாயைப் பார்த்தபடி வாரக்கணக்கில் காத்திருந்த ஊரில் பிறந்தவள். அரை வாளியில் குளித்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே புடவையை அலசி, மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செல்வமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய விதமே வேறு. வேறு ஊரில் இதற்குப் பட்டுப்புடவை காட்ட வேண்டியிருந்திருக்கும்.

நான் கொண்டு போன முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஐந்து நிமிடத்தில் காலி. மெயின்லேண்டிலிருந்து எது வந்தாலும் அக்கம்பக்கத்துக்கு ஒரு பங்கு போக வேண்டுமாம். மேல் வீட்டு வங்காளி அம்மாவுக்கு இரண்டு முருங்கைக்காய், கீழ் வீட்டுத் தெலுங்குக்காரருக்கு இரண்டு. எனக்கு அன்றைய சாம்பாரில் ஒரு துண்டு கிடைத்தது.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, "கடல் பாக்கப் போவமா அண்ணி, வெளிச்சம் போயிரும்" என்று செல்வமணி எழுப்பினார். வெயில் தாழட்டும், சாயங்காலம் போகலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். கண் விழித்தபோது இருட்டு. அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து மணியைப் பார்த்தால் ஆறு அடிக்க ஐந்து நிமிடம். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். இங்கே தெருவிளக்கு எரிகிறது, டீக்கடையில் இரண்டாம் ஆட்டம் முடிந்த அமைதி. என் சாயங்காலத்தை யாரோ திருடிக்கொண்டு போனது போல எரிச்சலாக வந்தது. கடலின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை, சுதந்திரத்துக்குப் போராடியவர்களை வெள்ளைக்காரன் அடைத்து வைத்த சிறைச்சாலை. டெலானிபூரிலிருந்து நடந்தே போகலாம், இறக்கம். ஏழு கிளைகளோடு கட்டியதில் மூன்றுதான் மிச்சம். ஓர் அறைக்குள் நின்று பார்த்தேன். உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல், அதில் ஒரு துண்டு வானம். பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பத்தில் கணவர் மனைவியிடம், நம் பம்பாய் வீட்டுச் சமையலறை இதைவிடச் சின்னது என்று இந்தியில் சொன்னதாகச் செல்வமணி மொழிபெயர்த்தார். மனைவி சிரிக்கவில்லை.

மேல் தளத்திலிருந்து கடல் நாலாபக்கமும் தெரிந்தது. அந்தக் காலத்தில் கறுப்புத் தண்ணீர் என்று பயந்த கடல், இப்போது பச்சையும் நீலமுமாகப் பளபளத்தது. செல்வமணி சுவரில் கையூன்றி, "எங்கம்மா என்னையக் கைப்புள்ளையா தூக்கிக்கிட்டு சிலோன் தோட்டத்துலருந்து கப்பல்ல வந்தாங்க அண்ணி. பொறவு இன்னொரு கப்பல் ஏத்தி, கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துல விட்டாங்க. கட்டிக் குடுத்து இங்க வந்தேன். கடல் தாண்டுறது பழகிருச்சி. திரும்பிப் போறதுதான் ஏலாது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.  என் மகளும் ஒருநாள் இப்படி யாரிடமாவது சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு நிற்பாளோ என்று பயந்தேன்.

பயத்துக்கு மருந்து சாப்பாடு. அன்று அவர் தேங்காய் ரொட்டி சுட்டார். மாவில் பாதிக்குப் பாதி தேங்காய்த் துருவல், கல்லில் கனமாகத் தட்டிச் சுட்டு, தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல். கூடவே சூரை மீன் குழம்பு. இரண்டு ரொட்டி போதும் என்று உட்கார்ந்தவள் ஐந்தாவதைக் கேட்டு வாங்கினேன். குறை தேட வந்த இடத்தில் குழம்பிலும் குறை இல்லை. இப்படியே போனால் என்ன சொல்லி மறுப்பது என்று கை கழுவும்போது யோசித்தேன்.

கை கழுவிய தண்ணீரும் அம்மா என்று எழுதிய டிரம்மிலிருந்துதான் வந்தது. மேலே போய் நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது, புது பிளாஸ்டிக் வாசனை. விருந்தாளிக்கு டிரம் வாங்கத் தெரிந்திருக்கிறது, ரொப்பத் தெரியவில்லையா? ஒரு குறை கிடைத்துவிட்ட நிம்மதியோடு மூடினேன்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு மரைன் ஹில் பக்கம் நடக்கப் போனோம். ஆறு மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுட்டது. வீடுகளுக்கு நடுவே பலா மரம், செம்பருத்தி வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் சட்டென்று பள்ளம், பள்ளத்தின் அடியில் துறைமுகம். மின்கம்பியில் பச்சைக்கிளிகள் வரிசையாக உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தின. ஒவ்வொரு வளைவிலும் கடல் ஒருமுறை தெரிந்து மறைந்தது. ஏற்றத்தில் செல்வமணி ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டே கதை பேசினார். துறைமுகத்தில் நின்ற படகுகளில் ஒன்று பிரபுவுடையதா என்று நான் கேட்டேன். அவர் வெகுநேரம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். மாப்பிள்ளை பார்க்க வந்தவள், நான்கு நாளாக மாப்பிள்ளையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

நிவேதா தினமும் போன் செய்தாள். சாப்பிட்டியா, முட்டி எப்படி இருக்கு, அவ்வளவுதான். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பிரபு வந்து சேர்ந்தான். தோளில் ஒரு வாழைத்தார், உடம்பெல்லாம் டீசல் வாசனை. "மன்னிச்சிருங்க ஆன்ட்டி, கடல் விடல" என்றான். குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி எதிரே உட்கார்ந்தான். கேள்விகளைப் பட்டியல் போட்டே வைத்திருந்தேன். சம்பளம், லீவு, புயல் காலத்தில் என்ன செய்வாய், எல்லாம். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னான். "காத்து அடிச்சா நாலு நாள் வர முடியாது. அப்ப அவ தனியா இருக்க மாட்டா, அம்மா இருக்காங்க" என்றான். பொய் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணச் சொன்ன நாட்டில் இப்படியும் ஒரு பிள்ளை.

மறுநாள் காலை எனக்கு விமானம். வாக்கு என்றால் அன்றைக்குத்தான். தாளின்படி நல்ல நேரம் மூன்றேகால் முதல் நாலேகால். செல்வமணியின் ராகு மூன்றரைக்கே வந்துவிடுவார். ஆக இரண்டு கட்சிக்கும் பொதுவாக மிஞ்சியது கால் மணி நேரம். வெற்றிலைத் தட்டு, பூ, வாழைப்பழம் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்தன. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் காபி கேட்டேன். காபி வந்ததும் சர்க்கரை கேட்டேன். பிறகு கண்ணாடியைத் தேடினேன், அது மூக்கில்தான் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடிகாரம் மூன்றரை காட்டியது. செல்வமணி பூவை ஈரத்துணியால் மூடினார்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே" என்றார் கதிர்வேல்.

"எனக்கு இல்ல" என்றார் செல்வமணி.

நாலரைக்குக் கதிர்வேலுக்கும் ராகு பிறந்தது. ஐந்துக்குச் செல்வமணிக்கு ராகு முடிந்தது. "இப்ப பேசலாம்" என்றார் அவர். "ஆறு வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார் கதிர்வேல். ஆறு மணிக்கு இருட்டிவிடும். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துக்க வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

ஐந்து பத்துக்கு மேல் வீட்டு வங்காளி அம்மாவின் குரல் சரிவு முழுக்கக் கேட்டது. "பானி ஆ கயா, செல்வி. ஜல்தி."

திங்கட்கிழமை வர வேண்டிய தண்ணீர் ஒருநாள் முந்தி வந்துவிட்டது. அடுத்த நிமிடம் கூடத்தில் வெற்றிலைத் தட்டைத் தவிர யாரும் இல்லை. நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். அந்தச் சரிவில் ஒரே நீள ரப்பர் குழாய்தான், மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குக் கை மாறிக்கொண்டே போகும். தன் டிரம்கள் நிரம்பியதும் வங்காளி அம்மா எங்களிடம் கொடுத்தார். பிரபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடங்களை இறக்கினான். கதிர்வேல் டிரம்மைத் தேய்த்தார். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவே குழாயைப் பிடித்துக்கொண்டேன். அப்பா டிரம் நிரம்பியது. அம்மா நிரம்பியது. பிரபு நிரம்பியது.

"போதும் அண்ணி. கீழ் வீட்டுக்குக் குடுத்திருங்க" என்றார் செல்வமணி.

"நாலாவது இருக்கே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத இப்ப ரொப்ப ஏலாது."

"ஏன்? ஓட்டையா?"

கதிர்வேல்தான் சொன்னார். "அது உங்க மகளுக்கு வாங்கினது டீச்சரம்மா. பையன் விஷயத்தச் சொன்ன அன்னிக்கே இவ போய் வாங்கிட்டா. வாக்கு வராம ரொப்பக் கூடாதுன்னும் சொல்லிட்டா. பெயரும் எழுத விடல."

அப்படியானால் ஐந்து நாளாக நான் குளித்தது, குடித்தது, கை கழுவியது எல்லாம் இவர்களுடைய பங்கிலிருந்து. என் மகளுக்கான தண்ணீருக்கு மட்டும் ஒரு பாத்திரம் மஞ்சள் பொட்டோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கையில் குழாய் துடித்தது. கீழ் வீட்டுக்காரர் கைநீட்டிக் காத்திருந்தார். இனி மூன்று நாளைக்குத் தண்ணீர் வராது. நாளை இந்நேரம் நான் விருதுநகரில் இருப்பேன்.

மஞ்சள் பொட்டு அழியாமல் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். குழாயை நீல டிரம்முக்குள் விட்டேன்.

 காலி டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிரபு சட்டென்று திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கதிர்வேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்து மூடிக்கொண்டார். செல்வமணி என் பக்கத்தில் வந்து குழாயில் தானும் ஒரு கையை வைத்துக்கொண்டு, "மெதுவா சம்பந்தி, சிந்தப் போவுது" என்றார்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. என் கணவர். பின்னால் நிவேதா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"எப்ப குடுத்த?"

"இப்பத்தான்."

"இப்பவா? அறிவிருக்கா உனக்கு? ஞாயித்துக்கிழமை, மணி அஞ்சரை. ஆறு வரைக்கும் ராகு காலம்."

மலைக்கு அந்தப்பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது உங்களுக்கு" என்றேன். "எங்களுக்கு முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு."

டிரம் நிரம்பியதும் குழாயைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தேன்.